செய்தவருக்கும் ஒரு நாற்காலி

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் நம்மில் பெரும்பாலோர் எழுந்துவிடுவோம். கொஞ்சம் பொறுமையாக அமர்ந்திருந்தால் காட்சி விளைவுகள் பகுதி வரும். நூற்றுக்கணக்கான பெயர்கள் எறும்பு வரிசை போல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இடையிடையே தமிழ்ப் பெயர்களும் தென்படும். “நம்மவர்கள் ஹாலிவுட்டில் கலக்குகிறார்கள்” என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் பெயருக்குரியவர் செய்த வேலையை மேற்பார்வையாளர் பார்த்து “இது சரி, இது சரியில்லை” என்று சொன்னபோது, அவர் அந்த அறையில் இருந்தாரா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஒருவர் கலைஞராக வளர்கிறாரா, ஏவிய வேலையை முடித்துக் கொடுப்பவராகவே நின்றுவிடுகிறாரா என்பது பெரும்பாலும் அந்த அறையில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைப்பதைப் பொறுத்தது என்று நான் கருதுகிறேன். அந்த நாற்காலியைப் போடுபவர் இயக்குநர் அல்லர், தயாரிப்பாளரும் அல்லர். பெயர்ப் பட்டியலில் நம் கண்ணில் படாமலே போகும் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற எளிய பணியாளர்தான்.

ரஷ் முதல் டெய்லீஸ் வரை

திரைத்துறையில் ‘டெய்லீஸ்’ என்றொரு சொல் உண்டு. படச்சுருள் காலத்தில் பகலில் எடுத்த நெகட்டிவை இரவோடு இரவாக லேபில் கழுவிப் பிரதி எடுப்பார்கள். மறுநாள் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அதைத் திரையிட்டுப் பார்ப்பார்கள். நம் கோடம்பாக்கத்தில் ‘ரஷ் போட்டுப் பார்ப்பது’ என்று சொல்லப்பட்டது இதுதான். நேற்று எடுத்ததில் பிழை இருந்தால் இன்றே தெரிய வேண்டும். நடிகரும் அரங்கமும் கலைந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இன்று சுருளும் இல்லை, கழுவுவதும் இல்லை. ஆனாலும் கணினியில் காட்சிகளை உருவாக்கும் கூடங்களில் இந்தப் பழக்கம் முன்னைவிட உறுதியாக நிற்கிறது. காரணம் எளிது. திரையில் ஒரு புலி நடக்க வேண்டும் என்றால் ஒருவர் அதன் உருவத்தை அமைக்கிறார். இன்னொருவர் எலும்பும் தசையும் பொருத்துகிறார். மூன்றாமவர் நடக்க வைக்கிறார். ரோமத்துக்கு ஒருவர், ஒளிக்கு ஒருவர். கடைசியாக ஒருவர் எல்லாவற்றையும் படம்பிடித்த காட்சியோடு இணைக்கிறார். இத்தனையும் முடிந்த பிறகு நடையில் பிழை என்று தெரிந்தால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். ஆகவே வேலை பாதியில் இருக்கும்போதே, அரைவேக்காடாக இருக்கும்போதே, தினமும் போட்டுப் பார்க்கிறார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறையில் சிங்கப்பூரில் உள்ள ஒரு ஸ்டூடியோவில் மூன்று மாதம் வேலைப் பயிற்சி பெற்றேன். எனக்கு வரையத் தெரியாது. புலியை நடக்க வைக்கவும் தெரியாது. எனக்குக் கிடைத்தது டெய்லீஸ் அமர்வுகளை ஒருங்கிணைப்பவருக்கு உதவும் வேலை. வீட்டில் கேட்டபோது “கூட்டம் ஏற்பாடு செய்கிறேன்” என்றேன். அம்மா, “அதற்கா பல்கலைக்கழகம்?” என்றார்.

பட்டியல் போடுபவரின் வேலை

அம்மா கேட்டது நியாயம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் பட்டியல் போடும் வேலை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் அந்தப் பட்டியலின் கனம் தெரியும்.

மாலை 6 மணிக்குள் கலைஞர்கள் தங்கள் ஷாட்டுகளைப் பதிவேற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஷாட்டின் பெயர், பதிப்பு எண், செய்தவர் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது கணக்கு. 5 வினாடி ஷாட்டில் 120 ஃபிரேம் இருக்க வேண்டும். 119 தான் இருக்கிறது என்றால் எங்கோ ஒன்று தொலைந்திருக்கிறது. அதை இரவே கண்டுபிடிக்காவிட்டால் காலையில் இருபது பேர் காத்துக் கிடப்பார்கள். நேற்று அதே ஷாட்டுக்கு என்ன திருத்தம் சொல்லப்பட்டது என்பதும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நேற்று ஒன்று, இன்று அதற்கு நேர்மாறாக ஒன்று என்று சொல்லப்பட்டுவிடும். அலைக்கழிவது செய்தவர்தான்.

பிறகு வரிசை. ஒரே காட்சியைச் சேர்ந்த ஷாட்டுகள் அடுத்தடுத்து வர வேண்டும். ஒரு பிரிவினர் தங்கள் வேலை முடிந்ததும் எழுந்து போகும்படி அமைய வேண்டும். காலை 10 மணிக்கு அமர்வு தொடங்கினால் அடுத்து யாருடையது வருகிறது என்று பார்த்து முன்கூட்டியே ஆளை அழைக்க வேண்டும். அமர்வு ஓடும்போது சொல்லப்படுவதை எழுத வேண்டும். ஒப்புதல், திருத்தம், நேரமிருந்தால் மெருகேற்றலாம் என்று ஏதாவது ஒரு முடிவு ஒவ்வொரு ஷாட்டுக்கும் பதிவாக வேண்டும். மதிய உணவுக்கு முன் அந்தக் குறிப்புகள் உரியவர்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள தையல் கடைகளில் அளவு எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். எடுப்பவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார். துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் தையற்காரர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் நோட்டில் இருப்பதுதான் சட்டையாகும். டெய்லீஸ் அறையில் அந்த நோட்டு ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது.

எல்லாரும் பார்க்க, எல்லாரும் கேட்க

யார் அந்த அறையில் அமரலாம் என்பது தொடக்கத்திலிருந்தே முடிவான விஷயம் அன்று. பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட் கேட்மல் 2008-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் இதுபற்றி எழுதியிருக்கிறார். டிஸ்னியில் அன்றாட வேலையை மூத்தவர்கள் சிலர் மட்டுமே பார்ப்பது வழக்கமாக இருந்தது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் எனப்படும் ஐஎல்எம் நிறுவனத்தில் டென்னிஸ் மூரன் அந்த வட்டத்தை விரித்துத் தம் குழுவினர் முழுவதையும் உட்கார வைத்தார். 1985-இல் வெளிவந்த ‘யங் ஷெர்லாக் ஹோம்ஸ்’ படத்துக்கான வேலை நடந்தபோது அந்த அமர்வுகளில் கலந்துகொண்ட ஜான் லாசெட்டர் வழியாக அது பிக்ஸாரின் பழக்கமாயிற்று.

இதனால் விளையும் நன்மைகளையும் கேட்மல் விளக்குகிறார். முடியாத வேலையைக் காட்டும் கூச்சம் போய்விட்டால் மனம் துணிந்து புதியதைத் தேடும். இயக்குநர் ஒருவரிடம் சொல்வது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஒருவர் வேலையைப் பார்த்து இன்னொருவர் கற்பார். கடைசி நாளில் அதிர்ச்சி எதுவும் காத்திருக்காது.

இந்த நான்கில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டெய்லீஸ் என்பது தரம் பார்க்கும் இடம் மட்டுமன்று. அது ஒரு வகுப்பறை. அதற்குக் கட்டணம் இல்லை, பாடநூலும் இல்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும்.

இரண்டு சொல்லில் அடங்காதது

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் படம் என்று சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. நான்கு கால் விலங்கு ஒன்று சரிவில் இறங்கி வரும் ஷாட். மேற்பார்வையாளர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். “கால் தரையில் படுகிறது, ஆனால் உடம்பின் எடை அந்தக் காலில் இறங்கவில்லை” என்றார். பிறகு எழுந்து நின்று தாமே குனிந்து இரண்டு அடி நடந்து காட்டினார். பாதம் பதிகிறது, அரை நொடி கழித்துத் தோள் தாழ்கிறது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. எனக்கே புரிந்தது.

ஆனால் அந்த ஷாட்டைச் செய்தவர் அந்த அறையில் இல்லை. கடல் தாண்டி வேறொரு நகரத்தில் இருந்தார். குறிப்புகளைச் சுருக்கமாக எழுத வேண்டும் என்பது அந்த இடத்து விதி. அவருக்குப் போய்ச் சேர்ந்தது “கால் பதிவதைச் சரிசெய்க” என்பது மட்டும். அவர் உண்மையாகவே காலைச் சரிசெய்தார். பாதம் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது. தோள் அப்படியே இருந்தது. மறுநாளும் அதே குறிப்பு போனது. மூன்றாம் முறை பட்டியலைப் பார்த்தவர்கள், “அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு நடையே தெரியவில்லை” என்று பேசிக்கொண்டார்கள்.

தெரியாதவர் யார்? சொல்லப்பட்டதைக் கேட்க வாய்ப்பே கொடுக்கப்படாதவரைத் தெரியாதவர் என்று சொல்வது என்ன நியாயம்? நான்காம் நாள் எங்கள் ஒருங்கிணைப்பாளர் விதியைத் தள்ளிவைத்தார். எந்த ஃபிரேமில் பாதம் பதிகிறது, எந்த ஃபிரேமில் தோள் தாழ வேண்டும், ஏன் தாழ வேண்டும் என்று ஐந்து வரி எழுதினார். மேற்பார்வையாளர் நடந்து காட்டியதை அவரிடமே கேட்டு மறுபடி நடக்கச் சொல்லிப் படம்பிடித்து அனுப்பினார். மறுநாள் ஷாட் ஒப்புதல் பெற்றது. அதைவிட முக்கியமானது வேறு. அதே கலைஞரின் அடுத்த இரண்டு ஷாட்டுகளில் அந்தக் குறிப்பு எழவே இல்லை. அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

கடல் தாண்டிய அறை

ஒரு படத்தின் வேலை ஒரே கூரையின் கீழ் நடந்த காலம் போய்விட்டது. லண்டனில் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் சிங்கப்பூரில் மாலை 6 மணி, சென்னையில் பிற்பகல் 3.30. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 6 மணிக்கு அமர்வு என்றால் நமக்கு மறுநாள் காலை 10, சென்னைக்குக் காலை 7.30. இரண்டு கண்டங்களில் இருப்பவர்கள் ஒரே ஃபிரேமை ஒரே நேரத்தில் பார்த்துப் பேச ‘சினிசிங்க்’ என்ற மென்பொருளை அடிலெய்டில் உருவாக்கினார்கள். 2011-இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் அதற்குக் கிடைத்தது. ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. அமர்வுக்கு யாரை அழைப்பது என்பதுதான் கேள்வி.

2012-இல் வெளிவந்த ‘லைஃப் ஆஃப் பை’ நமக்கு நெருக்கமான படம். புதுச்சேரித் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் கதை. அதில் வரும் ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலியைப் பெரும்பாலும் கணினியில் உருவாக்கியது லாஸ் ஏஞ்சலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ரிதம் அண்ட் ஹ்யூஸ். அந்த நிறுவனத்துக்கு மும்பை, ஹைதராபாத், மலேசியா ஆகிய இடங்களிலும் கிளைகள் இருந்தன. மலேசியாவில் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் புலியில் நம் நாட்டவரின் உழைப்பும் இருக்கிறது என்று பெரியவர்கள் பெருமையாகப் பேசியது நினைவிருக்கிறது. 2013 பிப்ரவரி 24 அன்று அந்தப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன் நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது. மேடையில் மேற்பார்வையாளர் பில் வெஸ்டன்ஹோஃபர் அதைச் சொல்ல முற்பட்டபோது இசையை எழுப்பி அவர் பேச்சை நிறுத்தினார்கள்.

சிங்கப்பூரின் கதையும் நாம் அறிந்ததே. 2005-இல் லூகாஸ்ஃபில்ம் இங்கே கால் பதித்தது. ‘ஸ்டார் வார்ஸ்: த குளோன் வார்ஸ்’ தொடரின் வேலைகள் இங்கே நடந்தன. 2014-இல் ஒன்-நார்த் வட்டாரத்தில் சாண்ட்கிராலர் கட்டடம் திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஐஎல்எம் தன் சிங்கப்பூர்க் கூடத்தை மூடுவதாக அறிவித்தது. 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

இந்தக் கூடங்கள் மூடப்பட்டதற்கும் டெய்லீஸ் அமர்வுகளுக்கும் தொடர்பு இல்லை. அவை பணக் கணக்கும் சந்தைக் கணக்கும். ஆனால் மூடப்படும் நாளில் ஒருவர் எதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார் என்பதற்கும் அந்த அறைக்கும் தொடர்பு இருக்கிறது. கணினியை எடுத்துச் செல்ல முடியாது. செய்த ஷாட்டும் அவருடையதன்று. எடுத்துச் செல்லக்கூடியது அவருடைய கண் ஒன்றுதான். எது சரி, எது சரியில்லை, ஏன் என்று பார்க்கத் தெரிந்த கண். அந்த அறையில் அமர்ந்து பத்துப் பேர் வேலையைப் பார்த்தவருக்கு அந்தக் கண் கிடைத்திருக்கும். இரண்டு சொல் குறிப்பை மட்டும் பெற்று வந்தவருக்குக் கிடைத்திருப்பது அந்த இரண்டு சொல்தான். உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுக்கும் ரோட்டோ போன்ற வேலைகளை மென்பொருளே செய்யப் பழகிவரும் இந்நாளில், கண் இல்லாத கை எத்தனை நாள் தாங்கும்?

நேரம் எங்கே இருக்கிறது?

“இதெல்லாம் பேச நன்றாக இருக்கும். இருபது பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது மணி நேர வேலை போகிறதே, அதற்கு யார் பணம் கொடுப்பது?” என்று தயாரிப்புத் தரப்பினர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் இரகசிய விதிகளால் சில அமர்வுகளில் எல்லாரையும் சேர்க்க முடியாது என்பதும் உண்மை. பலர் முன்னிலையில் ஒருவரைக் குத்திக் காட்டிப் பேசும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படிப்பட்ட அறையில் நாற்காலி கிடைப்பது பரிசன்று, தண்டனை.

ஆனாலும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. வரிசையை ஒழுங்காக அமைத்தால் ஒருவர் ஒரு மணி நேரம் இருக்கத் தேவையில்லை, கால் மணி நேரம் போதும். செய்தவருக்கு அழைப்புப் போகாமல் அவருடைய ஷாட்டைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. அவரால் வர இயலாது என்றால் குறிப்பில் ‘என்ன’ என்பதோடு ‘ஏன்’ என்பதும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது கடல் தாண்டியிருப்பவர்களின் பகல் நேரத்துக்கு ஏற்ப அமர்வு அமைய வேண்டும். ஷாட்டைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை மேற்பார்வையாளர் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். அதே குறிப்பு மூன்று முறை திரும்பி வந்தால் கலைஞரைக் குறை சொல்வதற்கு முன் குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஒருங்கிணைப்பாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை.

நம் சபையில்?

இதைப் பொறியியலும் கணக்கியலும் படிக்கும் நண்பர்களிடம் ஏன் சொல்கிறேன்? நம் தமிழ் நிகழ்ச்சிகளிலும் இந்த அறை இருக்கிறது. கதவு மட்டும் சாத்தியிருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில், எழுதியதைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி வகுப்பே சேர்ந்து திருத்தும். சிரிப்போம், சண்டை போடுவோம், ஆனால் எல்லாரும் கற்றோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயும் ஆங்கிலமும் முழுமையாக வரும்வரை வாய் திறக்கக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அரைகுறையைக் காட்ட வெட்கம். சிங்கப்பூரில் என் வயதுத் தமிழ் நண்பர்கள் பலர் தமிழைப் பொறுத்து அதே வெட்கத்தோடு இருப்பதைக் காண்கிறேன். அவர்களுக்குத் தமிழ் வராமல் இல்லை. முழுமையான தமிழைத்தான் மேடையில் காட்டலாம் என்று அவர்கள் கற்றிருக்கிறார்கள்.

ஏப்ரல் மாதம் வந்தால் தமிழ்மொழி விழாவை ஒட்டி எத்தனை போட்டிகள்! அறிவிப்புகளின் அடியில் “நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது” என்ற வரி தவறாமல் இருக்கும். இருக்கட்டும். ஆனால் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று தெரிகிறதா? சான்றிதழ் கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை. நாடகப் பிரதியை நான்கு பேர் கூடிப் படித்து வெட்டுகிறோம், எழுதியவர் மறுநாள் வெட்டுப்பட்ட பிரதியைப் பார்க்கிறார். நாமும் “கால் பதிவதைச் சரிசெய்க” என்றுதான் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் வேண்டுகோள் எளிது. அடுத்த மலருக்குப் படைப்புகளைத் தேர்வு செய்யும் நாளில் எழுதியவர்களையும் அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் போதும். அவர்கள் முன்னிலையில் படித்து, அவர்கள் காதுபடப் பேசி, காரணத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள். அந்தப் பட்டியலைப் போட்டு, ஆளை அழைத்து, குறிப்பெழுத ஒருவர் தேவைப்படும். அந்த வேலைக்கு நான் தயார்.